டீலர் சொல்லும் 7% கடனா, வங்கியின் 9% கடனா? டிசம்பரிலேயே எடுக்கலாமா?

மதுரைக்காரன்: புது பெட்ரோல் கார் எடுக்க 8 லட்சம் கடன் வேண்டும், 5 வருடத்துக்கு. ஷோரூமில் ஒரு நிதி நிறுவனத்தைக் காட்டி 7 சதவீதம் என்கிறார்கள், என் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியோ 9 சொல்கிறது. டிசம்பர் 31-க்குள் எடுத்தால் 40,000 தள்ளுபடியாம். அப்பா பொங்கலுக்கு எடுக்கலாம் என்கிறார். என்ன செய்யலாம்?

கோவை செல்வி: அந்த 7 ஃப்ளாட் வட்டியா என்று முதலில் கேளுங்கள் தம்பி. ஃப்ளாட் என்றால் அசலைக் கட்டக் கட்டக் குறையாமல், கடைசி மாதம் வரை முழு 8 லட்சத்துக்கும் வட்டி போடுவார்கள். மொத்த வட்டி 2.8 லட்சம், தவணை 18,000. வங்கியின் 9 பாக்கி அசலுக்கு மட்டும் என்பதால் தவணை சுமார் 16,600, வட்டி 2 லட்சத்துக்குள் முடியும். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

மதுரைக்காரன்: போன் செய்து கேட்டேன் அக்கா, ஃப்ளாட்தான்! சரி, வங்கிக்கே போகிறேன். டிசம்பர் விஷயம்?

பழைய டிரைவர்: ஆர்.சி.யில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழில், தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும், விற்கும்போது வாங்குபவர் அதைத்தான் பார்ப்பார். டிசம்பரில் எடுக்கும் வண்டி ஜனவரி பிறந்ததுமே போன வருட வண்டி ஆகிவிடும். பத்து வருடம் வைத்து ஓட்டுவீர்கள் என்றால் 40,000-ஐ விடாதீர்கள், மூன்று நான்கு வருடத்தில் மாற்றுவதாக இருந்தால் பொங்கலுக்கே எடுங்கள், ஆனால் போன வருடம் தயாரித்த வண்டியைத் தள்ளுபடி இல்லாமல் தலையில் கட்டப் பார்ப்பார்கள், அதனால் பணம் கட்டுமுன் வண்டியில் பொறித்திருக்கும் சேஸிஸ் எண்ணை வாங்கித் தயாரித்த மாதத்தைச் சரிபாருங்கள். அப்புறம், இன்சூரன்ஸை டீலரிடமே எடுக்க வேண்டிய கட்டாயம் கிடையாது, வெளியிலும் விலை கேளுங்கள்.