ஜிபிஎஸ் இல்லாமல் ரேடாரால் பறக்கும் ட்ரோன்: உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. மரங்களுக்கு அடியில் ஜிபிஎஸ் விட்டுப்போனாலும் ட்ரோன் தானாகவே வழி கண்டு பறக்க வேண்டும் என்று முயன்று வருகிறோம். தூசியிலும் அந்தி வெளிச்சத்திலும் கேமரா திணறியது. அதனால் கார்களில் வருகிற 77 கிகாஹெர்ட்ஸ் வகை ரேடாரை முன்பக்கம் பொருத்தினோம்.

டாப்ளர் மாற்றத்திலிருந்து (பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் மாறுவது) ரேடார் காணும் ஒவ்வொரு புள்ளியும் நெருங்கும் வேகம் நேரடியாகக் கிடைக்கிறது. அசையாத புள்ளிகளை ரான்சாக் முறையில் (பொருந்தாத அளவீடுகளை ஒதுக்கும் கணக்கு முறை) பிரித்து, ட்ரோனின் வேகத்தைக் கணக்கிட்டு, ஐஎம்யூவோடு (முடுக்கத்தையும் சுழற்சியையும் அளக்கும் சென்சார்) கால்மன் ஃபில்டரில் (பல அளவீடுகளை இணைத்து மதிப்பிடும் கணக்கு முறை) சேர்க்கிறோம். முன்னோக்கிய வேகம் அவ்வளவு துல்லியம், பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது!

மேல்-கீழ் வேகம்தான் தள்ளாடுகிறது. ரேடாருக்குச் செங்குத்துக் கோணத்தில் துல்லியம் குறைவு என்பது காரணமாக இருக்கலாம். காற்றில் தென்னை மட்டை ஆடினால் இன்னும் மோசம். திரும்பும்போது சேரும் சுழற்சி வேகத்தையும் கழித்துப் பார்த்துவிட்டோம்.

ரேடாரைக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பொருத்தியவர்கள் இருக்கிறீர்களா? எத்தனை டிகிரி? இல்லை, தரையைப் பார்த்து இன்னொன்று வைப்பதுதான் வழியா? பறப்புப் பதிவுகளை அனுப்பத் தயார்.