கினாபாலு போறேன், ஊரைச் சுத்தித் தட்டையான செம்பனை. எப்படிப் பழகுறது?

பீடோங்_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். கெடாவுல பீடோங் பக்கம் தோட்டத்து லயத்துல பொறந்தவ, இப்ப தாமான் (குடியிருப்பு) வீட்டுல இருக்கேன். வயசு 34. சுங்கைப்பட்டாணியில ஃபேக்டரி வேலை, பன்னெண்டு மணி நேர ஷிப்ட், முழுக்க நின்னுக்கிட்டேதான். கூட வேலை செய்றவங்க சபாவுல இருக்குற கினாபாலு மலை ஏறப் பேர் கொடுத்தப்ப ஒருத்தி கடைசி நேரத்துல கழண்டுக்கிட்டா. "நீ வர்றியா"ன்னு கேட்டாங்க, வாய் முந்திக்கிச்சு. இன்னும் மூணு மாசம் இருக்கு.

சாயங்காலம் தோட்டத்து மண் ரோட்டுல அஞ்சு கிலோமீட்டர் ஓடுவேன். மூச்சு பரவாயில்ல. ஆனா இங்க மேடுன்னு பாத்தா சாக்கடைப் பாலம்தான். கூட்டாளிங்க வாராவாரம் குரூண் பக்கம் போயி ஜெராய் மலைத் தார் ரோட்டுல ஏறுறாங்க. "ஜெராய நிக்காம ஏறிட்டா கினாபாலு ஒண்ணுமே இல்ல"ங்கறாங்க. நெசமா?

ரெண்டாவது, காலணி. மால்ல ஒரு கடைக்காரத் தம்பி ஐந்நூறு வெள்ளி (ரிங்கிட்) சொல்றான், அதுக்குக் கம்மியா வாங்கினா கால் போயிடும்னு பயமுறுத்துறான்.

மூணாவது எங்கம்மா. "அவ்ளோ தூரம் மேல போயி என்னத்த வாங்கிட்டு வரப்போற?" இதுக்கு யாராச்சும் பதில் வெச்சிருந்தா அதையும் சொல்லுங்க.

ஜிம்_ராஜா:

ட்ரெட்மில்ல சாய்வை ஏத்தி வெச்சு தினம் ஒரு மணி நேரம் நடங்க சிஸ்டர். போதும். நான் அப்படித்தான் போனேன்.

லாரிக்காரர்:

ராஜா தம்பி, அந்த மெஷின் ஏறத்தான் செய்யும். இறங்குமா?

தங்கச்சி, உன் கூட்டாளிங்க ஜெராய் ஏறுறது நல்ல விஷயம். ஆனா எப்படி இறங்குறாங்கன்னு கேட்டியா? நான் அந்த ரோட்டுல பாத்தவரைக்கும் பாதிப் பேரு மேல போட்டோ புடிச்சிட்டு, யார் காடியிலயாவது, அதாவது கார்லயாவது, தொத்திக்கிட்டு கீழ வந்துடுவாங்க. கினாபாலுல காடி கிடையாது.

கணக்குப் போட்டுப் பாரு. முதல் நாள் திம்போஹோன் கேட்டுல இருந்து, அது 1,866 மீட்டர், பானலாபான் தங்குற இடம் 3,272 மீட்டர் வரைக்கும் ஏறுற. கிட்டத்தட்ட ஆறு கிலோமீட்டர், பகல் முழுக்க நேரம் இருக்கு. மறுநாள் விடியக்காலம் ரெண்டு, ரெண்டரைக்குத் தலையில டார்ச்சை மாட்டிக்கிட்டு இன்னொரு 800 மீட்டருக்கு மேல ஏறி உச்சி, 4,095. அதே நாள்ல அங்கருந்து திரும்ப திம்போஹோன். 2,229 மீட்டர் இறக்கம். நம்ம ஜெராய் மொத்தமே 1,217தான். அரைகுறைத் தூக்கத்தோட, ஏறி முடிச்ச காலோட, ரெண்டு ஜெராய்க்குக் கொஞ்சம் குறைச்சல் இறங்கணும். அதுவும் பாதி வழி மரப்படி, கல்லுப்படி. ஒவ்வொரு படியும் ஒரே அளவா இருக்காது. பானலாபான்ல பசியாறும்போது சிரிச்சிக்கிட்டு இருந்த பலபேரு, கடைசி ரெண்டு கிலோமீட்டர்ல கைப்பிடியைக் கட்டிக்கிட்டு பக்கவாட்டுல நண்டு மாதிரி இறங்குறதப் பாத்திருக்கேன்.

ஏன்னா, ஏறும்போது தொடைச் சதை சுருங்கிக்கிட்டு வேலை செய்யும். இறங்கும்போது அதே சதை நீண்டுக்கிட்டே உன் பாரத்தைத் தாங்கணும், பிரேக் போடுற வேலை. சதை நார் அடிபடுறது இதுலதான். வலியும் உடனே தெரியாது, மறுநாளும் அதுக்கு அடுத்த நாளும்தான் முழுசா வரும். ஆனா இதுல ஒரு சலுகை இருக்கு. ஒரு தடவை நல்லா இறங்கி அந்த வலியை வாங்கிட்டா, அடுத்த சில வாரத்துக்கு அதே இறக்கம் அந்த அளவுக்குச் சதையைப் பதம் பாக்காது. மூணு மாசத்துல உன் மூச்சு எவ்வளவு கூடும்னு சொல்ல முடியாது, ஆனா தொடையை இறக்கத்துக்குக் கண்டிப்பாப் பழக்கிடலாம்.

எங்க பழக்குறதுங்கறியா? தோட்டத்துப் பொண்ணு நீ, மேடு இல்லன்னு சொல்லலாமா? துரை பங்களா எங்க இருக்கு? எந்தத் தோட்டத்துலயும் துரை பள்ளத்துல வீடு கட்டினதா சரித்திரம் இல்ல. பங்களா மேட்டுல ஏறும்போது சும்மா நட, மூச்சு வாங்க ஏறத் தேவையே இல்ல. இறங்கும்போதுதான் பாடம். சின்னச் சின்ன அடி. முட்டி எப்பவும் கொஞ்சம் மடங்கியே இருக்கணும், நேரா நீட்டி குதிகால்ல "டக்"னு ஊனாத. உடம்பைப் பின்னால சாய்க்காத, பயத்துல எல்லாரும் அதைத்தான் செய்வாங்க, வழுக்குறதும் அதுனாலதான். ரப்பர்ப் பால் மரக் காலத்துல நம்ம பொம்பளைங்க மலைக்காட்டுல வெட்டிட்டு, தோள்ல கம்பு, ரெண்டு பக்கமும் வாளி நெறையப் பாலோட படிப்படியா இறங்கி ஸ்டோருக்கு வருவாங்களே, ஞாபகம் இருக்கா? ஒரு சொட்டு சிந்தாது. முட்டியை மடக்கி இடுப்பை ஆட்டாம வர்ற அந்த நடைதான். உங்கம்மா வெட்டுக்காரங்களா இருந்திருந்தா அவங்களையே நடந்து காட்டச் சொல்லு.

வாரத்துக்கு ரெண்டு நாள் இது போதும், நடுவுல ரெண்டு நாள் விடு. முதல் மாசம் வெறுங்கையோட. அப்புறம் முதுகுப்பையில தண்ணி போத்தல் போட்டு ஏத்து, அஞ்சு கிலோ வரைக்கும் போதும், மலையில அதுக்கு மேல நீ தூக்கப்போறதில்ல. மாசத்துக்கு ஒரு தடவை ஜெராய் போ, முழுக்கக் கால்லயே இறங்கு. கடைசிப் பெரிய இறக்கம் பயணத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடி முடிஞ்சிருக்கணும். அதுக்கப்புறம் ஆசைப்பட்டு எதையும் செய்யாத.

தொடை முன்பக்கம் ரெண்டு நாள் வலிச்சா சந்தோஷப்படு. முட்டிக்கு வெளிப்பக்கம் ஊசி குத்துற மாதிரி இறங்கும்போது மட்டும் வலிச்சா, அது வேற. அன்னைக்கு நிறுத்திடு.

காலணிக்குத் தனியா எழுதறேன், இப்ப லோடு ஏத்தக் கூப்புடுறாங்க.

மிஸ்ஸி_கூலிம்:

அண்ணன் காலைப் பாத்துக்கிட்டாரு, நான் ரத்தத்தைப் பாக்குறேன்.

தங்கச்சி, உயர நோய்னு ஒண்ணு இருக்கு, அது 2,500 மீட்டருக்கு மேலதான் சாதாரணமா வரும். நீங்க தூங்கப்போற இடமே 3,272. தலைவலி, குமட்டல், சாப்பாடு இறங்காது, தூக்கம் வராது. இதுக்கும் உடம்பு பலத்துக்கும் சம்பந்தம் கிடையாது. சொல்லப்போனா பலசாலிங்கதான் வேகமா ஏறி மாட்டிக்கிறாங்க. ஜெராய்ல ஆயிரம் தடவை ஏறினாலும் இதுக்குப் பயிற்சி ஆகாது, அந்த உயரம் இங்க இல்ல. முதல் நாள் பேசிக்கிட்டே நடக்கிற வேகத்துல போங்க. முடிஞ்சா முந்தின ராத்திரி கோத்தா கினாபாலுல தங்காம மலைக்குப் பக்கத்து ஊர் குண்டாசாங்ல தங்குங்க, கொஞ்சமாவது உயரம் பழகும்.

மாத்திரை இருக்கு, அசிட்டசோலமைட். டாக்டரைக் கேக்காம கூட்டாளி கொடுத்தான்னு போடாதீங்க. சல்ஃபா மருந்து ஒத்துக்காதவங்க அதைக் கண்டிப்பாச் சொல்லணும். போட்டா விரல் நுனி மதமதன்னு இருக்கும், அடிக்கடி ஒண்ணுக்கு வரும். ராத்திரி மூணு மணிக் குளிர்ல அது சின்ன விஷயம் இல்ல. நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே வழிகாட்டிகிட்ட சொல்லிக் கீழ இறங்கணும். சூரியோதயம் பாத்துட்டுப் போலாம்கிற பேச்சே கூடாது.

இன்னொண்ணு, இதை ஆம்பளைங்க யாரும் சொல்ல மாட்டாங்க. கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்க கிளினிக்) போயி ஹீமோகுளோபின் பாத்துடுங்க, நமக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளிதான். ஷிப்ட் வேலை, நேரத்துக்குச் சாப்பாடு இல்ல, மாசாமாசம் போக்கு வேற. நம்ம பொம்பளைங்க நெறையப் பேருக்கு ரத்தம் குறைவு, தெரியாமலே நடமாடுறாங்க. உச்சியில மூச்சுக்குக் கிடைக்கிற ஆக்சிஜன் கடல் மட்டத்துல இருக்குறதுல ஏறக்குறைய 60 விழுக்காடுதான். அதைச் சுமந்துட்டுப் போற ரத்தமும் குறைஞ்சா என்ன செய்வீங்க? மூணு மாசம்கிறது இதைச் சரிபண்ணப் போதுமான நேரம். சாப்பிட்ட உடனே தே தாரிக் குடிக்கிற பழக்கம் இருந்தா ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்க. தேத்தண்ணி இரும்புச்சத்தைச் சேரவிடாது.

நைட் ஷிப்ட் முடிஞ்சு நேரா ஜெராய்க்கு மோட்டார்ல போகாதீங்க. மலையைவிட அந்த ரோடுதான் ஆபத்து.

லாரிக்காரர்:

வந்துட்டேன். காலணி.

அந்த ஐந்நூறு வெள்ளியைப் பையிலயே வெச்சுக்க. பெக்கான்ல, அதான் சின்ன டவுன்ல, சீனர் கடையில கறுப்பு ரப்பர் காலணி தொங்கும், அடியில முள்ளு முள்ளா இருக்கும். பால் வெட்டுக்காரங்க போடுறது. கம்போங் அடிடாஸ்னு ஊரே கிண்டல் பண்ணும். கினாபாலுல சாமான் தூக்குறவங்க காலைப் பாரு, பல பேரு அதைத்தான் போட்டிருப்பாங்க. ஒரே அச்சுல வார்த்த ரப்பர், தையல் கிடையாது, பிரிய ஒண்ணுமில்ல. தண்ணி உள்ள போனா ஊறாது, கவுத்தா கொட்டிடும். ஈரப் பாறையில, சேத்துல நல்லாப் புடிக்கும். பத்துப் பதினஞ்சு வெள்ளிக்குள்ள முடிஞ்சிடும்.

கெட்டதையும் சொல்லிடறேன். மெத்தை கிடையாது, கூர்க்கல்லு மிதிச்சா கல்லு தெரியும். தார் ரோட்டுல போட்டு ஓடினா பாதம் வெந்துடும், முள்ளும் தேஞ்சிடும். அதனால ஜெராய் தார் ரோட்டுக்கு உன் பழைய ஓட்டக் காலணி, மண்ணுக்கும் மலைக்கும் இது. உள்ள கைய விட்டுத் தடவிப் பாரு, குதிகால் பக்கம் அச்சு சேர்ற இடத்துல ஒரு வரம்பு மாதிரி துருத்திக்கிட்டு இருக்கும். அதுதான் தோலை உரிக்கிறது. பந்து ஆடுறவங்க போடுற நீளக் காலுறையப் போட்டுக்கிட்டே கடையில அளவு பாரு. கயிறு இல்லாத காலணி, லூசா இருந்தா இறக்கத்துல பாதம் முன்னால சறுக்கி கட்டைவிரல் நகம் கறுத்துடும். நகத்தைக் கிளம்புறதுக்கு நாலஞ்சு நாள் முன்னாடியே நேரா வெட்டிடு.

உனக்கு முட்டியிலயோ பாதத்துலயோ பழைய கோளாறு இருந்தா இது வேணாம், மெத்தை வெச்சதே வாங்கு. ஆனா ஐந்நூறுக்கு இல்ல.

தண்ணீர்மலை_வாசி:

பினாங்குலருந்து ஒரு யோசனை. ஞாயித்துக்கிழமை இந்தப் பக்கம் வாங்க. தண்ணீர்மலை முருகன் கோயில் 513 படி, விடியக்காலம் கூட்டம் இருக்காது. மேல போயி கும்பிட்டுட்டு மெதுவா இறங்குங்க. கோயில் படியில ஓட்டப்பந்தயம் வேணாம், பாக்குற பெரியவங்களுக்குப் புடிக்காது, எனக்கும் புடிக்காது. இன்னும் வேணும்னா பக்கத்துல தாவரவியல் பூங்காவுல இருந்து கொடிமலைக்கு ஜீப் ரோடு போகுது. அஞ்சு கிலோமீட்டர், மலை 833 மீட்டர். அந்தச் சரிவுல இறங்கினா லாரிக்காரர் அண்ணன் சொல்ற வலி உறுதியா வரும்.

உங்கம்மாவுக்கு: எவரெஸ்ட் உச்சியில முதல்ல கால் வெச்ச மலேசியர் ரெண்டு பேரும், எம். மகேந்திரன், என். மோகனதாஸ், நம்ம பிள்ளைங்க. 1997 மே 23. அவங்க என்னத்த வாங்கிட்டு வந்தாங்கன்னு கேட்டுப் பாருங்க.

பீடோங்_பொண்ணு:

அண்ணே, அக்கா, எல்லாருக்கும் நன்றி. எங்கம்மா வெட்டுக்காரங்கதான். நடந்து காட்டச் சொன்னேன், வெளக்கமாத்தைத் தோள்ல வெச்சுக்கிட்டு வீட்டு முன்னால ஐந்தடி நடையில ஒரு தடவை இறங்கிக் காட்டிட்டு, "இதுக்கெல்லாமா வகுப்பு"ன்னு திட்டினாங்க. எவரெஸ்ட் கதைக்கு, "அவங்களுக்குப் பொழுது போகல"ன்னுட்டாங்க.

ஒரு சந்தேகம். எங்க தோட்டத்துப் பங்களா மேட்டுல இப்ப கம்பெனி மேனேஜர் இருக்காரு, கேட்டுல ஜாகா (காவக்காரர்) நிக்கிறாரு. உள்ள விடுவாங்களா? அப்புறம், உச்சியில மழை பெஞ்சா என்ன செய்றது? கயிறு புடிச்சு ஏறணுமாமே.

லாரிக்காரர்:

ஜாகா நிக்கிற கேட்டுக்கு வெளிய இருக்குற சரிவே போதும். வளைவு இருக்குமே, அங்கருந்து கீழ சாலை வரைக்கும். பத்து நிமிஷ இறக்கம் கிடைச்சாலும் திரும்பத் திரும்பச் செய். ஆபீஸ் கிராணிகிட்ட (குமாஸ்தாகிட்ட) ஒரு வார்த்தை சொல்லிடு, செம்பனை லாரி எந்த நேரத்துல இறங்கும்னும் கேட்டுக்க. நானும் அந்த மாதிரி லாரி ஓட்டினவன்தான், வளைவுல நடந்து வர்றவங்க எங்களுக்குக் கண்ணுலயே படமாட்டாங்க. பொழுது சாய்ஞ்சப்புறம் வேணாம். எலி இருக்குற இடத்துல நாகம் இருக்கும், செம்பனையில எலிக்குப் பஞ்சமே இல்ல. விழுந்த மட்டையத் தாண்டும்போது மிதிக்காத, முள்ளு ரப்பரையும் துளைக்கும்.

மழைன்னா, அதை முடிவு பண்ற வேலை உனக்கு இல்ல. வழிகாட்டி இல்லாம யாரையும் ஏறவிட மாட்டாங்க, அவர் சொல்றதுதான். சாயாட் சாயாட் சாவடி 3,668 மீட்டர்ல இருக்கு, குறிச்ச நேரத்துக்குள்ள அங்க வராதவங்களைத் திருப்பி அனுப்பிடுவாங்க. அதுக்கு மேல வெறும் கருங்கல் பாறைதான், மழை பெஞ்சா தண்ணி ஓடையா வழியும். கயிறு வழி காட்டவும் வழுக்கினா புடிச்சுக்கவும்தான், கையால இழுத்து ஏறுற இடம் கொஞ்சம்தான். 2015 ஜூன் 5 நிலநடுக்கத்துல அந்த மலையில 18 பேரு செத்தாங்க. மலை ஏறப் போன சின்னப் பிள்ளைங்களும், வழிகாட்டிங்களும் அதுல உண்டு. அதுக்கப்புறம் உச்சிப் பாதையில ஒரு பகுதியையே மாத்திப் போட்டாங்க. அந்த வழிகாட்டிங்க ஊர்க்காரங்க, வானத்தைப் பாத்தே சொல்லிடுவாங்க. "திரும்பு"ன்னா எவ்வளவு காசு கட்டியிருந்தாலும் திரும்பிடணும், வாதாடாத.

கையுறை ரெண்டு ஜோடி எடுத்துக்க, ஒண்ணு நனைஞ்சா மாத்த. கயிறு ஈரமா, ஐஸ் மாதிரி இருக்கும்.

அம்மாகிட்ட ஒண்ணு கேளு: அந்த ரப்பர் காலணி அவங்க என்ன அளவு போடுவாங்க, காலுறையோடவா இல்லாமலா? கடைக்காரனுக்குத் தெரியாதது அவங்களுக்குத் தெரியும்.