புதுப்பிப்பு: கெர்னல் மாத்தினதும் மறைஞ்ச ஏஎஃப்எஸ் திரும்பிடுச்சு

போன வாரம் புலம்பியிருந்தேனே, ஆய்வக லினக்ஸ் கணினியில கெர்னலைப் (ஓஎஸ்ஸோட மையப் பகுதி) புதுப்பிச்சதும், நெட்வொர்க் வழியா கோப்புகளைப் பகிர்ற ஏஎஃப்எஸ்ஸுக்கான ஓபன்ஏஎஃப்எஸ் மாட்யூல் (கெர்னலோட சேர்ற துணை நிரல்) கம்பைல் ஆகாம, ஏஎஃப்எஸ் ஃபோல்டர் காலியாக் கிடக்குதுன்னு. நேத்து ராத்திரி தேக்காவுல கோப்பி ஓ (பால் இல்லாத காப்பி) வாங்கிட்டு வந்து உட்கார்ந்தேன், முடிஞ்சது.

மூலக் கோளாறு பழசுதான். ஓபன்ஏஎஃப்எஸ் ஐபிஎம் பொது உரிமத்துல வர்றது, லினக்ஸ் கெர்னலோட உரிமமான ஜிபிஎல்லோட ஒத்துப்போகாது. அதனால லினக்ஸ் மூலத்துக்குள்ள இடமில்லை, திண்ணையிலதான் படுக்கை. உள்ளே ஒரு ஃபங்ஷன் மாறினாலும் இது உடையும்.

அந்தப் பதிவுக்குப் பதில் போட்ட அண்ணன் சொன்ன கேஏஎஃப்எஸ், அதே வேலையைச் செய்ற இன்னொரு மாட்யூல், கெர்னலோட மூலத்துலயே இருக்கு. பழைய மாட்யூலைக் கழட்டிட்டு அதை ஏத்தினேன். ரெண்டையும் சேர்த்து ஓட்டாதீங்க, ரெண்டுக்குமே நெட்வொர்க்ல ஒரே வாசல், யுடிபி 7001 போர்ட்தான்.

டோக்கன்தான் (ஏஎஃப்எஸ்ஸுக்குள்ள போக அனுமதிச் சீட்டு) படுத்திச்சு. கெர்பரோஸ்ங்கிற லாகின் முறையில டிக்கெட் வாங்கி, அதை டோக்கனா மாத்துற ஏகேலாக்-கேஏஎஃப்எஸ் ஓட்டியாச்சு. ஆனா 'டோக்கன்ஸ்'ங்கிற ஓபன்ஏஎஃப்எஸ் கட்டளையில ஒண்ணும் காணோம். அரை மணி நேரம் போச்சு. அப்புறம் 'கீசிடிஎல் ஷோ' அடிச்சா, கீரிங்ல (கெர்னல் சாவிகளை வைக்கிற இடம்) 'ஆர்எக்ஸ்ஆர்பிசி'ன்னு ஒரு வரி சமத்தா உட்கார்ந்திருக்கு, அதுதான் டோக்கன்!

ஒரு குறை: அனுமதி மாத்துற 'எஃப்எஸ் செட்ஏசிஎல்' இதுல ஓடாது, அந்தக் கட்டளை கெர்னல்கிட்ட பேசுற பழைய பயோக்டல் வழி இங்கே இல்லை. அதுக்கு மட்டும் பக்கத்து மேசைப் பழைய கணினி. அதை யாரும் அப்டேட் பண்ணிடாதீங்கன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கேன்.