லேப்டாப் ஸ்லீப்பிலிருந்து எழுந்ததும் சத்தம் வருவதில்லை, உதவுங்கள்

மயிலாப்பூர் பாட்டு டீச்சர்:
வணக்கம். வீட்டிலிருந்தே ஆன்லைனில் வாய்ப்பாட்டு சொல்லித் தருகிறேன். பிள்ளைகள் பலர் அமெரிக்காவில் இருப்பதால் விடிகாலையிலேயே வகுப்பு. இரவு லேப்டாப்பை மூடி வைத்துவிட்டுக் காலையில் திறந்தால் சத்தமே இல்லை. விண்டோஸ் 11. ஸ்பீக்கர் படத்தில் பெருக்கல் குறி எதுவும் இல்லை, வால்யூமும் முழுதாக இருக்கிறது. வயர் ஹெட்போன் போட்டாலும் அதே நிலைதான். புளூடூத் இயர்போனில் மட்டும் கேட்கிறது. ஆனால் அதில் சத்தம் தாமதமாக வருவதால் தாளம் ஒட்டவே மாட்டேன் என்கிறது.

ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது. ஷட் டவுன் செய்து ஆன் செய்தால் பல நாள் சரியாவதில்லை. இது ஏன் என்று புரியவில்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் காட்டினேன், போர்டு மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

வேளச்சேரி வாசி:
டீச்சர், போர்டில் கை வைக்க விடாதீர்கள். போர்டு போயிருந்தால் ரீஸ்டார்ட்டுக்கு இப்படித் தவறாமல் சரியாகாது. அடுத்த முறை சத்தம் நின்றதும் ஒரு பாட்டை ஓடவிட்டு, சவுண்ட் கன்ட்ரோல் பேனலில் பிளேபேக் பக்கத்தைப் பாருங்கள். ஸ்பீக்கர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைக் கோடு ஏறி இறங்குகிறதா?

மயிலாப்பூர் பாட்டு டீச்சர்:
இன்று காலை பார்த்தேன் சார். பச்சைக் கோடு நன்றாக ஏறி இறங்குகிறது. காதில்தான் ஒன்றும் விழவில்லை.

வேளச்சேரி வாசி:
அப்படியென்றால் விண்டோஸ் சத்தத்தை அனுப்புகிறது, ஆடியோ சிப் எழுந்திருக்கவில்லை. ஸ்லீப்பில் அந்தச் சிப்புக்கு மின்சாரம் நிறுத்தப்படும். விழித்ததும் டிரைவர்தான், அதாவது சிப்பை இயக்கும் மென்பொருள்தான், அதை மறுபடி தயார் செய்ய வேண்டும், அங்கேதான் சிக்குகிறது. ஸ்பீக்கர், வயர் ஹெட்போன் இரண்டும் அதே சிப் வழியாகப் போவதால் இரண்டுமே ஊமை. புளூடூத்துக்கு அந்தச் சிப் தேவையில்லை.

ஷட் டவுன் விஷயம்: விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று உண்டு. அது ஆனில் இருந்தால் ஷட் டவுன் என்பது முழு நிறுத்தம் அல்ல. திறந்திருக்கும் ஆப்கள் மூடப்படும், ஆனால் விண்டோஸின் உட்பகுதியும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே டிஸ்கில் சேமிக்கப்பட்டு, ஆன் செய்ததும் அப்படியே திரும்பி வரும். சிக்கிய டிரைவர் சிக்கியபடியே வருகிறது. ரீஸ்டார்ட் மட்டும்தான் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கும்.

அவசரத்துக்கு: டிவைஸ் மேனேஜரில் 'சவுண்ட், வீடியோ அண்ட் கேம் கன்ட்ரோலர்ஸ்' என்பதைத் திறந்து, ஆடியோ பெயர் மேல் ரைட் கிளிக் செய்து டிசேபிள், பிறகு எனேபிள். சத்தம் வந்துவிட்டால் கோளாறு டிரைவரில்தான். அப்புறம் லேப்டாப் கம்பெனியின் சப்போர்ட் பக்கத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து ஆடியோ டிரைவரை இறக்கிப் போடுங்கள். 'எல்லா டிரைவரையும் புதுப்பித்துத் தருகிறோம்' என்று விளம்பரம் வரும் ஆப்கள் பக்கம் போகவே வேண்டாம். அதே பக்கத்தில் பயாஸ் (லேப்டாப் ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டும் இருக்கும். ஸ்லீப் கோளாறுகள் அதில் சரியாவதுண்டு. ஆனால் மழை நாளில் கரண்ட் போய்ப் போய் வரும் நேரத்தில் அதைத் தொடாதீர்கள்.

பெரம்பூர் ரயிலடி:
இதே தலைப்பைத் தேடி வருகிறவர்களுக்கு ஒன்று சேர்க்கிறேன். பச்சைக் கோடு அசையவே இல்லையென்றால் வழி வேறு. சர்வீசஸ் பட்டியலில் 'விண்டோஸ் ஆடியோ' மேல் ரைட் கிளிக் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். எச்டிஎம்ஐ மானிட்டர் மாட்டியிருந்தால், எழுந்ததும் சத்தம் அந்தப் பக்கம் போய்விட்டதா என்றும் பாருங்கள்.

மயிலாப்பூர் பாட்டு டீச்சர்:
டிசேபிள், எனேபிள் செய்ததும் ஸ்பீக்கர் பேசிவிட்டது! கம்பெனி பக்கத்திலிருந்து டிரைவரும் போட்டாயிற்று. அதன் பிறகு காலையில் மூடியைத் திறந்ததுமே சத்தம் வருகிறது. ரொம்ப நன்றி. ஒரே ஒரு சந்தேகம்: அன்று எனேபிள் செய்த பிறகு ஜூமில் கேட்டது, தம்புரா ஆப்பில் மட்டும் கேட்கவில்லை. அது ஏன்?

வேளச்சேரி வாசி:
டிசேபிள் செய்தபோது அந்த ஆப்புக்கு ஆடியோவோடு இருந்த தொடர்பு அறுந்திருக்கும். சில ஆப்கள் தாமாகத் திரும்ப இணைவதில்லை. இனி அப்படி ஆனால் தம்புரா ஆப்பை மூடித் திறங்கள், போதும்.