முதுகுப்பையின் ‘நிலை எடை’, ‘தீர் எடை’: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பல நாள் மலைநடைக்குச் சுமந்து செல்லும் முதுகுப்பையிலிருந்து உணவு, நீர், எரிபொருள் ஆகியவற்றை நீக்கிய பின் எஞ்சும் எடையை ஆங்கிலத்தில் ‘பேஸ் வெயிட்’ என்கிறார்கள். இதற்கு ‘அடிப்படை எடை’ என்னும் சொல் இந்த இழையில் முன்வைக்கப்பட்டிருக்கிறது. எளிய சொல்தான், ஆனாலும் அதை ஏற்க எனக்கு ஒரு தடை உண்டு. ‘அடிப்படை’ என்றதும் அடிப்படைத் தேவை, அடிப்படை உரிமை என்பவற்றில் உள்ளதுபோல் ‘இன்றியமையாதது’ என்ற பொருளே நம் மனத்தில் முதலில் படுகிறது. இந்தக் கணக்கிலோ, எல்லாவற்றினும் இன்றியமையாத குடிநீர் வெளியே நிற்க, ஒருமுறைகூட அணியாமல் திரும்பிவரும் மூன்றாவது சட்டை உள்ளே இருக்கிறது. எடையைக் குறைக்க முனைபவர் முதலில் கைவைக்க வேண்டிய இடத்துக்கே அப்படியொரு பெயரைச் சூட்டிவிட்டால், எதையும் எடுத்து வெளியே வைக்க அவருக்கு மனம் வராது.

ஒரு பொருள் நடையின்போது தீர்ந்துபோகுமா, போகாதா என்பதே இந்த வகைப்பாட்டின் உயிர்நாடி. ஆகவே, தீர்ந்துகொண்டே வருவதைத் ‘தீர் எடை’ என்றும், முதல் அடி முதல் கடைசி அடி வரை அப்படியே இருப்பதை ‘நிலை எடை’ என்றும் வழங்கலாம் என முன்மொழிகிறேன். ‘தீர் எடை’ என்பது ‘ஓடுதளம்’ போன்ற வினைத்தொகை. ‘நிலை எடை’க்கு வணிகவியலின் நிலைச்செலவு துணைநிற்கும். ‘தீராச்சுமை’ என்றும் எண்ணிப் பார்த்தேன். அது வாழ்க்கைத் துயரைச் சொல்வதுபோல் ஒலிக்கிறது. தவிரவும், இங்கே நாம் பேசுவது தராசில் வைத்து அளக்கும் ஒன்றை என்பதால் ‘சுமை’யைவிட ‘எடை’யே பொருந்தும்.

குறுகிய நடைகளில் இந்தப் பிரிப்பு மிகவும் பயன்படுகிறது. நாளொன்றுக்கு ஒருவருக்கு ஏறத்தாழ 700 கிராம் உலர் உணவு என்று கொண்டால், 3 நாள் நடைக்கு 2 கிலோவை ஒட்டி வரும். அதுவும் வேளைக்கு வேளை குறைந்துவிடும். வழியில் நீர் கிடைக்குமானால் ஒரு நேரத்தில் 1 அல்லது 2 லிட்டர், அதாவது 1 அல்லது 2 கிலோ போதும். 8 கிலோ நிலை எடையோ மூன்றாம் நாளின் கடைசி ஏற்றத்திலும் 8 கிலோதான். அதில் பெரும்பங்கு கூடாரத்திலும், தூக்கப்பை, விரிப்பு ஆகியவற்றிலும், முதுகுப்பையிலுமே இருப்பதால், அவற்றை விட்டுவிட்டுப் பல்துலக்கியின் கைப்பிடியை நறுக்குவதில் பெரிய பயன் இல்லை. முதுகுப்பையை மட்டும் கடைசியில் மாற்ற வேண்டும். உள்ளே வைப்பவை சுருங்கிய பிறகே எவ்வளவு சிறிய பை போதும் என்பது தெரியும்.

வரையறையின் ஓரங்களையும் இப்போதே தெளிவாக்கிவிடுவது நல்லது. சமையல் வாயுக் குப்பியில் உள்ள 100 கிராம் வாயு தீர் எடை. ஏறத்தாழ அதே அளவு கனக்கும் உலோகக் கூடு, காலியான பின்னும் நம்மோடு வருவதால் நிலை எடை. இரவு மழையில் நனைந்த கூடாரத்தைக் காலையில் அப்படியே மடித்து வைத்தால், உதறிய பிறகும் அதில் ஒட்டியிருக்கும் நீர் சில நூறு கிராம் கூடும்; நைலான் துணி நீரை ஓரளவு உறிஞ்சவும் செய்யும். எனவே நிலை எடை என்பது உலர்ந்த நிலையில் போட்ட எடை என்று வரையறையிலேயே சொல்லிவிட வேண்டும்.

மழைச்சட்டைதான் சிக்கலானது. வெயிலில் அது பைக்குள்ளும் மழையில் உடல்மேலும் இருக்கும். ‘உடலில் அணிந்தவை கணக்கில் சேரா’ என்ற விதியைப் பிடித்துக்கொண்டு அதைப் பட்டியலிலிருந்து நீக்கினால் எண் குறையுமே தவிர, கால்களுக்கு எந்த வேறுபாடும் இல்லை. புறப்படும்போது பைக்குள் இருப்பது நிலை எடை என்றே கொள்ளலாம். வானிலை நிலையாக இல்லாத இடத்தில் மழைச்சட்டையையும், உறங்குவதற்கென்று நனையாமல் காக்கும் கதகதப்பான ஓர் உடுப்பையும் எடைக்காக விட்டுச்செல்வது ஆபத்து. இறகு நிரப்பிய தூக்கப்பையோ நனைந்தால் உப்பலை இழந்து, குளிரைத் தடுக்க உதவாது. பைக்கு வெளியே போடும் மழையுறையில் முதுகுப்புறமாக நீர் கசிவதுண்டு. ஆகவே பைக்குள் பெரிய நெகிழி உறையொன்றை விரித்து, பொருள்களை அதனுள் வைத்து வாயை முறுக்கிக் கட்டுவது பாதுகாப்பும் ஆகும், எடையும் குறையும்.

நிலை எடை 4.5 கிலோவுக்குக் கீழ் இருந்தால் மிக இலகு என்று பலர் வகுப்பது 10 பவுண்டு என்ற முழு எண்ணிலிருந்து வந்தது. அந்த எல்லையை நம் வரையறைக்குள் கொண்டுவர வேண்டியதில்லை.

உடலில் அணிந்தும் கையில் பிடித்தும் செல்பவற்றுக்கு ‘அணி எடை’ இலக்கணப்படி சரியே. ஆனால் ஒரே கூடாரத்தைப் பலர் பகிர்ந்து சுமக்கும் நடையில் அது குழுவின் எடை என்று பொருள்பட்டுவிடும். ‘உடுப்பு எடை’ என்றால் காலணியும் ஊன்றுகோலும் அடங்கா. இந்த மூன்றாவது சொல்லுக்கு நண்பர்களின் பரிந்துரைகளை எதிர்பார்க்கிறேன். முதல் இரண்டுக்கும் மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள்.