கிணத்துக்குள்ள வந்த துண்டு: கல்லான மரமா, வெறும் கல்லா?

வாகரையான்:
கதிரவெளிப் பக்கம் கிணறு வெட்டின இடத்தில 14 அடியில வந்த துண்டு. ஒரு முழ நீளம், பழுப்பும் கறுப்புமா வரி, பாலைக் கட்டையின்ட வைரம் மாதிரியே கிடக்கு. கத்தி கீறுதில்ல. மரம் கல்லாப் போனதா? எத்தனை வருசம் எடுக்கும்?

கல்லும்மண்ணும்:
வரியை வைச்சு முடிவெடுக்க வேண்டாம் தம்பி. நம்மட மட்டக்களப்பு மாவட்டத்துக்கு அடியில கிடக்கிறது பெரும்பாலும் விஜயன் தொகுதி எண்டு சொல்ற பழைய பாறைக் கூட்டத்தின் நைஸ் பாறை (சூட்டாலும் அழுத்தத்தாலும் உருமாறின பாறை). அதிலயும் வெளிறலும் கறுப்புமாப் பட்டை ஓடும், சீவின பலகை போலவே. கத்திச் சோதனையும் இங்க உதவாது: கல்மரத்தில இருக்கிற குவாட்ஸ் (படிகமான சிலிக்கா) 10 வரை போற மோஸ் கடின அளவில 7, கத்தியை விடக் கடினம், நைஸிலயும் அதே குவாட்ஸ்தான். அடர்த்தியும் இரண்டுக்கும் 2.6, 2.7 எண்டு கிட்டக்கிட்ட வரும், தண்ணிக்குள்ள நிறுத்துப் பார்த்தும் பிரிக்கேலாது.

மரம் கல்லாக, அது உக்க முன்னம் புதையவேணும்; ஒட்சிசன் புகாத சேறோ எரிமலைச் சாம்பலோ மூடவேணும். நிலத்தடி நீரில கரைஞ்ச சிலிக்கா முதல்ல கலச்சுவர்களில படியும், பிறகு மரத்துக்குள்ள தண்ணி ஏறுற குழாய்களின்ட உள்வெளியை நிரப்பும். தொடக்கத்தில ஒபல் எண்ட நீர் கலந்த சிலிக்கா, காலப்போக்கில நீர் இழந்து குவாட்ஸ். உக்கல் முந்திட்டா மரத்தின்ட வடிவம் மட்டும்தான் மிஞ்சும், உள்ள கல அமைப்பு இராது. சிவப்பும் மஞ்சளும் இரும்பால வாறது.

தச்சுப்பட்டறை:
பார்க்கவேண்டியது பக்கவாட்டை இல்ல, தலைப்பை. கட்டையை அறுத்தா வட்டமாத் தெரியிற அந்த முகம். ஒரு முனையை 120, 400, 1000 வாட்டர்பேப்பரால வரிசையா தேயுங்க. நனைச்சே தேயுங்க, காய்ஞ்ச சிலிக்காத் தூசி நெஞ்சுக்குள்ள போனா நுரையீரலைக் கெடுக்கும். பிறகு முகத்தை ஈரமாக்கி 10 மடங்கு லென்ஸால பாருங்க. மரமெண்டா ஊசி குத்தின மாதிரிச் சின்னச் சின்னத் துளைகள் ஒழுங்கா நிக்கும், நடுவிலிருந்து வெளியால மெல்லிய கதிர்க்கோடுகள் போகும். நைஸெண்டா ஒண்டோடொண்டு பூட்டின மணிகளும் மினுங்கிற மைக்காவும்தான்.

கத்தி வைச்ச இடத்தில சாம்பல் கோடு தெரிஞ்சா அது கீறலில்ல, இரும்பு தேய்ஞ்சு ஒட்டினது. ஈரவிரலால துடைச்சா போயிரும்.

வாகரையான்:
அப்ப மகாஓயா வெந்நீர்க் கிணத்தில கட்டையைப் போட்டா கல்லாகுமா?

கல்லும்மண்ணும்:
சூடு மட்டும் போதாது, நீர் சிலிக்காவால செறிஞ்சிருக்கவேணும். ஜப்பானில தத்தேயாமா எரிமலைப் பக்கத்து வெந்நீரூற்றில போட்ட மரத்துண்டு 7 வருசத்தில எடையில சுமார் 40 வீதம் சிலிக்காவாகினது. மகாஓயாவுக்கு எரிமலையில்ல, ஆழத்தில சுத்திச் சூடாகி மேல வாற நீர் அது.

வருசக் கேள்விக்கு: கல்லாக எடுத்த காலம் வேற, கல்லாகிக் கிடக்கிற காலம் வேற. தமிழ்நாட்டுத் திருவக்கரையின்ட கல்மரங்கள் 2 கோடி வருசமெண்டு சொல்றது மரத்தின்ட வயசை. கல்லாகினது அதில ஒரு சிறு பங்குக்குள்ளயே முடிஞ்சிருக்கலாம்.

தலைப்பைத் தேய்ச்சிட்டுப் படம் போடுங்க, பக்கத்தில ஒரு அளவுகோலும் வைச்சு.