7,080 ரூபாய் விளம்பரத்துக்கு 4 வேலை: க்ளீனிங் தொழிலுக்கு இது கட்டுப்படியாகுமா?

மேடவாக்கம்_மாப் கேட்டது:

வணக்கம். தாம்பரம், மேடவாக்கம், வேளச்சேரி பக்கம் வீட்டு டீப் க்ளீனிங், சோபா ஷாம்பூ வாஷ், மேல்தொட்டி மற்றும் சம்ப் கழுவுதல் செய்கிறோம். ஒரே டீம், ஆட்கள் இரண்டு பேர். இதுவரை தெரிந்தவர்கள் சொல்லித்தான் வேலை வந்தது. போன மாதம் முதல் தடவையாகக் கூகுளில் விளம்பரம் கொடுத்தோம்.

விளம்பரத்துக்கு 6,000, ஜிஎஸ்டி 1,080. மொத்தம் 190 க்ளிக், 23 போன், முடிந்த வேலை 4. சராசரி பில் 3,800. அதாவது 7,080 போட்டு 15,200 வந்திருக்கிறது. பங்குதாரர் லாபம்தானே என்கிறார். கல்லாவைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. வந்த போனிலும் பாதிக்கு மேல் ‘வேலைக்கு ஆள் எடுக்கிறீங்களா’, ‘செப்டிக் டேங்க் எடுப்பீங்களா’, இல்லையென்றால் ஆவடி, திருவள்ளூரிலிருந்து. எங்களுக்கு ஜிஎஸ்டி பதிவு கிடையாது. தொடரலாமா, நிறுத்திவிடலாமா?

கணக்குப்பிள்ளை:

பில் தொகையை விளம்பரச் செலவோடு ஒப்பிடாதீர்கள் சார். ஒரு வேலையில் செலவு போக என்ன மிஞ்சுகிறது என்பதோடு ஒப்பிடுங்கள்.

3,800 பில்லில் இரண்டு ஆள் கூலி தலைக்கு 800 வீதம் 1,600. கெமிக்கல், துணி, பேடு 250. வண்டி 250. மெஷின் தேய்மானம், ரிப்பேருக்கு என்று 100 எடுத்து வையுங்கள். போக நிற்பது 1,600. நாலு வேலைக்கு 6,400. விளம்பரத்துக்குப் போனது 7,080. ஆக, 680 ரூபாய் கைநட்டம். கூலியும் வண்டிச் செலவும் உங்கள் பக்கம் வேறாக இருக்கலாம். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள், முறை இதுதான்.

ஜிஎஸ்டி பதிவு இல்லாததால் அந்த 1,080 முழுக்க உங்கள் செலவு. பதிவு உள்ளவர்கள் விளம்பரக் கணக்கின் பில்லிங் பகுதியில் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்திருந்தால் தாங்கள் கட்டும் ஜிஎஸ்டியில் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டும்வரை பதிவு கட்டாயமில்லை என்பதால், இதற்காக மட்டும் பதிவுக்குப் போக வேண்டாம். முன்பணம் கட்டுகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: 6,000 கட்டினால் விளம்பரத்துக்கு நிற்பது ஏறக்குறைய 5,085தான். மீதி வரி.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை பிடிக்க 1,770 ஆகிறது. 1,600க்குக் கீழே வந்தால் நட்டம் இல்லை. ஆனால் சண்டை, புகார், மறுபடி போய்ச் செய்து கொடுப்பது எல்லாம் இருப்பதால் 800க்கு மேல் போகக்கூடாது என்று வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு எச்சரிக்கை. 4 வேலையை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. எதையும் மாற்றாமல் அடுத்த மாதம் அப்படியே ஓட்டினாலும் 2 வரலாம், 7 வரலாம். இன்னும் எவ்வளவு போனாலும் பரவாயில்லை என்ற ஒரு தொகையை இப்போதே எழுதி வையுங்கள். 10,000 என்று வைத்தால், அது தீர்ந்தபின் மொத்தக் கணக்கைப் பாருங்கள். நடுவில் இரண்டு நாள் போன் வரவில்லை என்று அணைப்பதும் மூன்று போன் வந்ததென்று கூட்டுவதும் வேண்டாம்.

நெகட்டிவ்_லிஸ்ட்:

நிறுத்துவதற்கு முன் ஓட்டையை அடைக்கலாம். ஆவடியிலிருந்தும் வேலை தேடுகிறவர்களிடமிருந்தும் போன் வருகிறது என்றால் செட்டிங் கூகுள் கொடுத்தபடியே இருக்கிறது என்று அர்த்தம்.

கேம்பெய்ன் (நீங்கள் ஓட்டும் விளம்பரம்) கூகுளே எல்லாம் தீர்மானிக்கும் ‘ஸ்மார்ட்’ வகையில் இருந்தால் எக்ஸ்பர்ட் மோடுக்கு மாற்றி, ‘சர்ச்’ வகையில் புதிதாக ஒன்று போடுங்கள். மற்ற தளங்களிலும் ஆப்களிலும் காட்டும் ‘டிஸ்ப்ளே நெட்வொர்க்’ டிக் தானாகவே விழுந்திருக்கும், எடுத்துவிடுங்கள். அது கேம் ஆப்களில் தவறுதலாக விரல் படும் க்ளிக்குக்கும் காசு பிடிக்கும். இடத்தைப் பொறுத்தவரை மேடவாக்கத்தை மையமாக வைத்து, நீங்கள் போகிற பகுதிகள் அடங்குகிற அளவு வட்டம் போதும். ஆனால் வட்டம் போட்டால் மட்டும் வேலை முடியாது. லொகேஷன் ஆப்ஷன்ஸ் என்று கீழே மறைந்திருப்பதைத் திறந்து, ‘ப்ரெசென்ஸ் ஆர் இன்ட்ரெஸ்ட்’ என்று இருப்பதை ‘ப்ரெசென்ஸ்’ (அங்கே இருப்பவர்கள் மட்டும்) என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டால் அந்தப் பகுதியைப் பற்றித் தேடுகிற வெளியூர்க்காரருக்கும் விளம்பரம் காட்டும்.

அடுத்து சர்ச் டெர்ம்ஸ் அறிக்கை. நீங்கள் கொடுத்த கீவேர்டு (தேடல் வார்த்தை) வேறு, ஆட்கள் உண்மையில் தட்டியது வேறு. ‘டேங்க் க்ளீனிங்’ என்று பிராடு மேட்சில் (தொடர்புள்ள தேடல் எல்லாவற்றுக்கும் காட்டும் வகை) போட்டால் செப்டிக் டேங்க் தேடுகிறவரும் வருவார். அது உங்கள் தொழிலே இல்லை, பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை உள்ளே இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி குற்றமும்கூட. இந்த அறிக்கையைப் பார்த்து ஜாப், ஜாப்ஸ், வேகன்சி, சேலரி, செப்டிக், டிரெய்னேஜ், மெஷின், லிக்விட், பிரைஸ் லிஸ்ட், ஹவ் டு, டிஐஒய் (தானே செய்துகொள்வது) எல்லாவற்றையும் நெகட்டிவில், அதாவது இந்த வார்த்தை இருந்தால் விளம்பரம் காட்ட வேண்டாம் என்கிற பட்டியலில் போடுங்கள். நெகட்டிவ் வார்த்தை ஒருமை, பன்மையைத் தானாகச் சேர்த்துக்கொள்ளாது, அதனால்தான் ஜாப், ஜாப்ஸ் இரண்டும். தமிழில் ‘வேலை வாய்ப்பு’ என்று தட்டுகிறவர்களையும் மறக்க வேண்டாம். உங்கள் கடைப் பெயரையும் நெகட்டிவில் சேருங்கள். பழைய வாடிக்கையாளர் பெயரைத் தேடி விளம்பரத்தில் தொட்டால், எப்படியும் வந்திருக்கக்கூடியவருக்குக் காசு கொடுத்த மாதிரி ஆகும். கீவேர்டுகளை மேற்கோள் குறிக்குள் ஃப்ரேஸ் மேட்சாக (அந்தச் சொற்றொடரின் பொருள் அடங்கிய தேடலுக்கு மட்டும் காட்டும் வகை) போட்டு ஆரம்பிக்கலாம்.

190 க்ளிக்கில் பாதி வீண் என்று வைத்தால், அது இல்லாமலே இதே 4 வேலைக்கு 3,540 தான் ஆகியிருக்கும். தலைக்கு 885. கணக்குப்பிள்ளை சொன்ன 800க்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

விளம்பரத்தில் ‘2 பிஎச்கே ரூ.3,500 முதல்’ என்று விலையைப் போட்டுவிடுங்கள். க்ளிக் குறையும். ஆயிரம் ரூபாய்க்கு வீட்டையே கழுவித் தருவீர்களா என்று கேட்கப்போகிறவர் தொடாமலே போய்விடுவார் என்பதுதான் ஆதாயம். டேங்க் கழுவ மட்டும் தனியாக விளம்பரம் வேண்டவே வேண்டாம். ஆயிரத்து சொச்சம் பில் வரும் வேலை 885 ரூபாய் விளம்பரத்தைத் தாங்காது. சோபாவுக்கோ டீப் க்ளீனிங்குக்கோ போன இடத்தில் தொட்டியையும் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, ரெக்கமண்டேஷன்ஸ் பகுதியில் ஆட்டோ அப்ளை என்று ஒன்று உண்டு. அணைத்து வையுங்கள். இல்லையென்றால் நீங்கள் கேட்காமலே கீவேர்டு சேரும்.

கொங்கு_க்ளீனர்:

கணக்குப்பிள்ளை சொன்னதுல ஒரு இடத்துல நான் வேற மாதிரி பார்க்கறேங்க. ஆளுங்க தினக்கூலியா, மாசச் சம்பளமா? மாசச் சம்பளம்னா அவங்க சும்மா உக்காந்திருந்தாலும் அந்த 1,600 போகத்தான் போகுது. காலியா கிடக்கற செவ்வாய்க்கிழமைல ஒரு வேலை வந்தா கையில நிக்கறது 3,200ங்க. அன்னிக்கு 1,770 குடுத்தாலும் நட்டம் இல்லை. ஞாயித்துக்கிழமை ஏற்கனவே நிறைஞ்சிருக்கு, அன்னிக்கே வரச்சொல்லி 10 போன் வந்தா ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. அந்த க்ளிக்குக்கும் காசு போயிருக்கும். அதனால எத்தனை வேலை வந்துதுன்னு பார்க்கறதோட, எந்தக் கிழமைக்கு வந்துதுன்னும் எழுதுங்க. வார நாளுக்கு 300 ரூபாய் குறைச்சுக் குடுக்கறேன்னு விளம்பரத்துலயே போட்டுப் பாருங்க.

23 போன்ல எடுக்காம விட்டது எத்தனைங்க? வெட் வாக்வம் ஓடறப்ப பாக்கெட்டுல மணி அடிச்சாலும் கேக்காது, கை வேற ஷாம்பூ நுரை. கூப்பிட்டவர் ரெண்டு நிமிஷம்கூடக் காத்திருக்க மாட்டார், அடுத்த நம்பருக்குப் போயிடுவார். போன் எடுக்க ஆள் இருக்கற நேரத்துக்கு மட்டும் ஆட் ஷெட்யூல் வைங்க. விளம்பரத்துக்குத் தனி சிம் போட்டுக்குங்க, அப்பத்தான் எந்த போன் எங்கிருந்து வந்துதுன்னு தெரியும்.

எடுத்ததும் ரேட் சொல்லாதீங்க. எந்த ஏரியா, எத்தனை சதுர அடி, சாமான் இருக்கற வீடா காலி வீடா, எத்தனாவது மாடி, லிஃப்ட், தண்ணி, கரண்ட் இருக்கா. பெயின்ட் அடிச்ச புது ஃப்ளாட்டுல ஈபி கனெக்‌ஷனே வந்திருக்காது, மெஷினைத் தூக்கிட்டுப் போய் நிக்கணும். வாட்ஸ்அப்ல ஃபோட்டோ வாங்கிட்டு ரேட் சொன்னா, அங்க போய் பேரம் பேசற தொல்லை குறையும்.

மாசத்தையும் பாருங்க. புதுமனை புகற வீட்டு க்ளீனிங்தான் உங்க முக்கிய வேலைன்னா, ஆடியிலயும் மார்கழியிலயும் ஓட்டிட்டு விளம்பரம் தேறலைன்னு சொல்லக்கூடாது. ஆவணியிலயும் தையிலயும் ஓட்டிப் பார்க்கணும். போகிக்கு முந்தின வாரமும் தீபாவளிக்கு முந்தின வாரமும் விளம்பரம் இல்லாமலே டைரி நிறைஞ்சா, அப்ப அணைச்சிடுங்க.

மேடவாக்கம்_மாப்:

நன்றி அண்ணா, நன்றி நண்பர்களே. ஆட்கள் தினக்கூலிதான், அதனால் 1,600 கணக்குதான் எங்களுக்குப் பொருந்தும். லொகேஷன் ஆப்ஷன் நீங்கள் சொன்ன மாதிரியே இருந்தது, மாற்றிவிட்டேன். இன்னொரு கேள்வி: இதற்குப் பதிலாக ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் போடலாமா? லீட் (வேலை தேவைப்படுகிறவர் நம்பர்) விற்கிற தளங்களிலிருந்தும் தினம் கூப்பிடுகிறார்கள்.

நெகட்டிவ்_லிஸ்ட்:

கூகுளில் தேடுகிறவருக்கு வேலை இப்போது தேவை. இன்ஸ்டாவில் பார்க்கிறவர் வேறு எதையோ பார்க்க வந்தவர். ஆனால் சோபாவுக்கு அங்கே ஒரு வழி உண்டு. பாதி கழுவிய சோபா, எக்ஸ்ட்ராக்டர் (அழுக்குத் தண்ணீரை உறிஞ்சும் மெஷின்) தொட்டியில் இறங்கும் கறுப்புத் தண்ணீர், இரண்டையும் 15 விநாடி வீடியோவாகப் போட்டு வாட்ஸ்அப்புக்குப் போகும் பட்டன் வையுங்கள். ‘எவ்வளவு’ என்று மட்டும் கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்கள் அதிகம் வருவார்கள். மெசேஜ் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காமல் அதே 800 கணக்கை இங்கும் போடுங்கள்.

கணக்குப்பிள்ளை:

லீட் வாங்குவதாக இருந்தால் மூன்றே கேள்வி: ஒரு லீட்டை எத்தனை பேருக்குக் கொடுப்பார்கள், தவறான நம்பருக்குப் பணம் திரும்புமா, ஒரு மாதம் மட்டும் எடுக்க முடியுமா. ஒரே லீட் நாலு பேருக்குப் போனால் முதலில் கூப்பிட்டவரும் விலை குறைத்தவரும்தான் தேறுவார்கள். ஆண்டுச் சந்தா முன்பணம் என்றால் வேண்டாம்.

கூகுள் மேப்பில் தொழில் பக்கம் இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. அது இலவசம். வேலை முடிந்து மெஷினைக் கட்டும்போதே ரிவ்யூ லிங்கை வாடிக்கையாளர் வாட்ஸ்அப்புக்கு அனுப்புங்கள், மறுநாள் என்றால் மறந்துவிடுவார். ரிவ்யூவுக்குத் தள்ளுபடி தருகிறேன் என்று மட்டும் சொல்ல வேண்டாம். அது கூகுள் விதிக்கு எதிரானது, ரிவ்யூவை நீக்கிவிடுவார்கள். விளம்பரத்தைப் பார்ப்பவர்களும் கூப்பிடும் முன் அந்த நட்சத்திரத்தைப் பார்ப்பார்கள். ரிவ்யூ ஐந்தாறுகூட இல்லையென்றால், அந்த 10,000ஐ இப்போதைக்கு எடுத்து வைத்துவிட்டு முதலில் இதை முடியுங்கள்.